பால்காய்ச்சுக் கேசட்டின் மிச்சம்

கேசட் ஓடி முடிந்ததும் தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து வரும் அந்த இரைச்சலுக்கும், திரை முழுக்கத் துள்ளும் வெள்ளைப் புள்ளிகளுக்கும் எங்கள் வீட்டில் "அரிசி கொதிக்குது" என்று பெயர். அம்மா வைத்த பெயர். எண்பதுகளின் நடுவில் ஒரு நாள், கொச்சியின் மட்டாஞ்சேரியில், சுக்கு, மிளகுக் கிடங்குகளின் காரம் எந்நேரமும் மூக்கில் ஏறும் ஒரு சந்தில் அப்பா வாங்கிய வீட்டுக்குப் பால் காய்ச்சிய மூன்றாம் நாள், வாடகைக்கு எடுத்து வந்த "டெக்"கில் அந்த விழாவின் கேசட்டைப் போட்டுப் பார்த்தோம். பால் பொங்கியது, சாப்பாட்டுப் பந்தி முடிந்தது, அரிசி கொதித்தது. கொதித்து அடங்கிய இடத்தில் ஒரு ராக் பாடகனின் கச்சேரி தொடங்கியது. எங்கள் குடும்பம் இரண்டாகப் பிளந்தது அங்கேதான். பிளந்தவன் நான். எனக்கு அப்போது பதினைந்து வயது, இப்போது அறுபதை நெருங்குகிறேன். சின்னப் பையன், தெரியாமல் செய்திருப்பான் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம். தெரிந்தேதான் செய்தேன்.

அந்தக் கச்சேரி எப்படி எங்கள் கேசட்டுக்குள் வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் அக்கா சாந்தி தேவராவில் ஒரு கல்லூரியில் கடைசி வருடம் வேதியியல் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய உயிர்த்தோழி மோளி, போர்ட் கொச்சிக்காரி. மோளியின் அண்ணன் பேபிச் சேட்டன் வளைகுடாவிலிருந்து திரும்பும்போது தோளில் தூக்கிவைத்துப் படம் பிடிக்கும் வீடியோ கேமரா ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். கல்யாணங்களுக்கும் ஞானஸ்நானங்களுக்கும் போய்க்கொண்டிருந்த அந்தக் கேமராவை அவர் தன் சொந்த ஆசைக்குத் தூக்கிக்கொண்டு போனது ஒரே ஒருமுறை: போர்ட் கொச்சியில் பிறந்து, பம்பாய்க்குப் போய்ப் பேரெடுத்த டென்சில் என்ற பாடகன், தோள்வரை தொங்கும் தலைமுடியும் மின்சார கிதாருமாக ஊர் திரும்பிக் கடலோர மைதானத்தில் பாடிய மாலை. பிறகு அதே கேசட்டின் தொடக்கத்தில்தான் சேட்டன், மறதியாலோ சிக்கனத்தாலோ, எங்கள் பால்காய்ச்சைப் பதிவு செய்திருந்தார். கச்சேரியின் முன்பாதியை எங்கள் பால் அழித்துவிட்டது. பின்பாதி வாலாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் கச்சேரிக்கு என்னையும் அழைத்துப் போவதாக அக்கா வாக்குக் கொடுத்திருந்தாள். நான் சட்டையைப் பெட்டி போட்டு, தலையில் தண்ணீர் தொட்டுச் சீவி, அவளோடு தெருமுனைவரை போனேன். அங்கே மோளி காத்திருந்தாள். அக்கா நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ வேண்டாம்டா. நீ வந்தா, சோறு எறங்குறதுக்குள்ள அம்மாகிட்ட எல்லாத்தையும் கக்கிடுவே."

மோளி சிரித்தாள். நான் வீடு திரும்பி, பெட்டி போட்ட சட்டையைக் கழற்றிக் கசக்கி எறிந்தேன்.

இனி விருதுநகரிலிருந்து வந்திருந்த பெரியப்பாவும் பெரியம்மாவும். அப்பாவுக்கு அண்ணன் சொல் மறுசொல் இல்லாதது. அவர்களுக்கு எங்கள் தமிழ் ஒரு வேடிக்கைப் பொருள். வந்த அன்றே, "பெரியம்மா, கொஞ்சம் வெள்ளம் எடுக்கட்டுமா?" என்று நான் கேட்டேன்; கொச்சியில் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். பெரியம்மா பதறுவதுபோல் மார்பில் கைவைத்தாள். "ஒரு செம்பு போதும்யா. வெள்ளமெல்லாம் கொண்டாந்துடாதே, வீடு புதுசு!" கூடமே சிரித்தது. "மலையாளத்தான் பேசுற தமிழு" என்று பெரியப்பா என் முதுகில் தட்டினார். மூன்று நாளும் நான் வாய் திறந்தால் அவர்களுக்குச் சிரிப்பு. நானும் உங்களவன்தான் என்று அவரிடம் நிரூபித்தாக வேண்டும் என்ற வெறி எனக்குள் ஏறிக்கொண்டிருந்தது.

கேசட் ஓடியபோது அப்பா தன் சுக்குக் கிடங்கில் இருந்தார், அக்கா கல்லூரியில். அம்மா அடுக்களையில் ஸ்டவ்வின் இரைச்சலுக்குள் சாயா போட்டுக்கொண்டிருந்தாள். திரையில் மைதானம் ஆடியது, நடுங்கியது. டென்சில் கட்டைவிரல் அளவுக்குத்தான் தெரிந்தான், அதையும் யாரோ விரித்த குடை பாதி மறைத்தது. அவன் பாட்டைவிடக் கேமராவுக்குப் பின்னால் பேபிச் சேட்டன் சுருதி சேராமல் கூடவே பாடியதுதான் உரக்கக் கேட்டது. பிறகு கேமரா பாடகனைக் கைவிட்டுச் சட்டென்று இடப்பக்கம் திரும்பியது. அங்கே ஒரு பெஞ்சின் மேல், பின்னல் அவிழ்ந்து, தாவணியை இடுப்பில் இறுக்கிச் செருகி, இரண்டு கையையும் மேலே வீசி, எங்கள் அக்கா ஆடிக்கொண்டிருந்தாள். யாருக்காகவும் அல்லாமல், யாரையும் பார்க்காமல் ஆடினாள். கேமராவுக்குப் பக்கத்திலிருந்து மோளியின் குரல் கிறீச்சிட்டது:

"சாந்தியல்லடீ நீ, ப்ராந்தி! ப்ராந்தி!"

மலையாளத்தில் அதற்குப் பைத்தியக்காரி என்று பொருள். சாந்தி இல்லை, பைத்தியக்காரி. தோழி தோழியைக் கொஞ்சுகிற சொல், அதில் ஓர் எதுகையும் இருந்தது. தமிழில் பிராந்தி என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பெரியப்பா நாற்காலியில் நிமிர்ந்தார். "என்னது, பிராந்தியா? அந்தப் புள்ள என்னடா கத்துது? பிராந்தின்னுதானே?"

அந்தக் கூடத்தில் மலையாளம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எல்லா முகமும் என் பக்கம் திரும்பியிருந்தது; எந்த முகத்திலும் சிரிப்பு இல்லை. கசக்கி எறிந்த சட்டையும் ஒரு செம்பு வெள்ளமும் ஒரே நேரத்தில் என் நினைவுக்கு வந்தன.

"ஆமா பெரியப்பா. பிராந்தின்னுதான் சொல்றா" என்றேன்.

ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. இத்தனை வருடமும் நான் ஒளிந்துகொள்ளப் பார்த்த பொந்து அதுதான்.

பெரியப்பா டெக்கை நிறுத்திக் கேசட்டை உருவித் தன் தோல்பையில் போட்டுக்கொண்டார். அப்பா வந்ததும், "நீ பாக்காதே தம்பி, தாங்க மாட்டே. பிராந்தியக் குடிச்சுட்டு ஆம்பளைக நடுவுல ஆடியிருக்கா. சந்தேகமின்னா உம்மவனையே கேளு" என்றார். மலையாளத்தில் பேரம் பேசியே இருபது வருடம் பிழைத்தவர் அப்பா. மோளியின் குரலை ஒரு நொடி கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். அவர் கேசட்டைப் போடச் சொல்லவில்லை, என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அது இரண்டாவது முறை.

அக்கா மாலையில் வந்தாள். கேசட்டில் பார்த்தாகிவிட்டது, காதால் கேட்டாகிவிட்டது, படிப்பு போதும், ஞாயிற்றுக்கிழமை எங்களோடு விருதுநகருக்குக் கிளம்பு என்றார் பெரியப்பா. கடைசித் தேர்வுக்கு இரண்டு மாதம் இருந்தது. பிராந்தி என்ற சொல்லைக் கேட்டதும் அக்கா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அப்பாவும் இதோ சிரிக்கப் போகிறார் என்பதுபோல் அவர் முகத்தைப் பார்த்தாள். அப்பா தலை குனிந்தார். அவளுடைய சிரிப்பு நின்றது.

"குடிச்சியா இல்லையா? அத மட்டும் சொல்லு" என்றார் பெரியப்பா.

"பாட்டுக் கேட்டேன். ஆடினேன். இனியும் ஆடுவேன். இந்த வீட்டுல என்னைப் பார்த்து அப்படிக் கேக்கத் தோணிச்சுன்னா, அதுக்குப் பதில் கிடையாது."

மறுநாள் காலை, புத்தகங்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு, எல்லோரும் பார்த்திருக்க வாசல் வழியே இறங்கி மோளி வீட்டுக்கு நடந்து போனாள். அங்கிருந்தே தேர்வு எழுதினாள், முதல் வகுப்பில் தேறினாள், பம்பாயில் ஆசிரியை ஆனாள். அப்பா உயிரோடு இருந்தவரை அவள் எங்கள் வாசற்படி மிதிக்கவில்லை. அவர் இறந்த அன்று வந்து, கூடத்துச் சுவரோரம் நின்றுவிட்டு, அழாமல் திரும்பினாள். குடிகாரி என்று நம்பியபடியே அப்பா போய்ச் சேர்ந்தார்.

சென்ற ஆண்டு பெரியப்பாவின் மகன் பழைய வீட்டை ஒழித்தபோது அந்தக் கேசட் கிடைத்து எனக்கு அனுப்பினான். எறணாகுளத்தில் ஒரு கடையில் கொடுத்து அதை மடிக்கணினியில் ஓடும்படி மாற்றினேன். பூசணம் தின்றது போக இரண்டு நிமிடம் மிஞ்சியது. பணி ஓய்வு பெற்று இப்போது காக்கநாட்டில் இருக்கும் அக்காவிடம் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினேன். காட்டிவிட்டு, இங்கே எழுதியதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன்.

அவள் மடிக்கணினியை மூடினாள். பிறகு கேட்டாள்: "அப்ப, அப்பா இதைப் பாக்கவே இல்லையா?"

"இல்லைக்கா."

"பார்த்தார்னு நினைச்சேன்டா. மோளி சொன்னது புரிஞ்சும், அண்ணனுக்குப் பயந்து என்னை விட்டுக்கொடுத்துட்டார்னு நினைச்சேன். அந்த மனுஷனை நான் இன்னிவரைக்கும் மன்னிக்கலை, தெரியுமா?"

ஒருத்தர் மேல்தான் பழி போட்டேன் என்று அதுவரை எண்ணியிருந்தேன்.

மோளி இறந்து ஆறு வருடமாகிறது. டென்சில் எங்கே போனான் என்று போர்ட் கொச்சியில் யாருக்கும் தெரியவில்லை. அப்பாவின் கிடங்கில் இப்போது சுற்றுலாப் பயணிகளுக்குக் காப்பி விற்கிறார்கள். சுக்கின் காரம் சுவரைவிட்டும் போய்விட்டது. டெக் வாடகைக்குத் தந்த கடை இருந்த இடமே தெரியவில்லை. மிஞ்சியது ஒரு குடை, சுருதி சேராத ஒரு சேட்டன், பெஞ்சின் மேல் ஒரு பெண்.

நான் கிளம்பும்போது அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "மன்னிச்சுட்டேன்னு சொல்லுவேன்னு பாத்துட்டு நிக்காதே. பத்திரிகைக்கெல்லாம் எழுதுறியே, இதையும் எழுது. தலையாட்டினது யாருன்னு மறைக்காம எழுது. நான் ஆடினேன்னும் எழுது. ஆடினதுக்கு வருத்தப்பட்டேன்னு மட்டும் எங்கயாவது எழுதினே, அப்பறம் இருக்கு உனக்கு."

எழுதிவிட்டேன். அவள் குடிக்கவில்லை. ஆடினாள், நன்றாக ஆடினாள். அதற்காக ஒரு நாளும் வருந்தவில்லை. வருத்தம் முழுவதும் என்னுடையது.