சாய்ந்த பல்லக்கு

பிள்ளையார்பாளையம் அங்கன்வாடியில் பதினோரு வருஷமாக டீச்சராக இருக்கிறேன். அன்று ‘நெட்டை, குட்டை’ பாடம். நானே வரைந்த சார்ட்டைச் சுவரில் மாட்டிவிட்டுத் திரும்பினால் ஒரு பிள்ளைகூட இடத்தில் இல்லை. நான்கு பேர் ஒரு பலகையில் பொம்மையை வைத்துத் தோளில் தூக்கிக்கொண்டிருக்க, மற்றவர்கள் பின்னால் ஊர்வலம் போனார்கள்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. “கீழ வைங்க!” என்று கத்திக்கொண்டே பலகையைப் பிடித்தேன்.

“வழியில வைக்கக் கூடாது டீச்சர். சாமி இன்னும் கோயிலுக்குப் போவல” என்றாள் யாழினி. நாலு வயசு. நான் கேள்வி கேட்டால் வாயே திறக்க மாட்டாள். அசந்துபோய்க் கையை எடுத்துவிட்டேன்.

இரண்டடி போவதற்குள் பலகை சாய்ந்து பொம்மை விழுந்தது. யாழினி எல்லோரையும் முதுகோடு முதுகு நிற்கவைத்துத் தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஒரே உயரத்தில் நாலு பேர் கிடைக்கும்வரை விடவில்லை.

“நீ குட்டை, மணி அடி. நீ நெட்டை, மோளம் அடி.”

இந்த முறை பொம்மை ஆடவே இல்லை. எங்கள் ஊர்க் கோயில்களிலும் பல்லக்குத் தூக்குகிறவர்களைத் தோள் உயரம் பார்த்துத்தான் சேர்ப்பார்கள். என் சார்ட்டை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை.

பெருமை தாங்காமல், “நானும் தூக்கட்டுமா?” என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தாள். “நீங்க ரொம்ப நெட்டை டீச்சர். சாமி விழுந்துடும். கொடை புடிச்சுக்கினு பின்னால வாங்க.”

மூலையில் இருந்த குடையை விரித்துக்கொண்டு நடந்தேன். பதினோரு வருஷத்தில் என் வேலை என்னவென்று அவ்வளவு சரியாக எனக்கு யாரும் சொன்னதில்லை.