நட்ட நடுவில் ஒரு வீடு

கனடாவில் இருக்கும் தங்கை, ஊரோடு வந்துவிடப் போவதாகச் சொன்ன மாதத்தில்தான் அந்த ஆங்கிலச் சொற்கள் என் கைபேசிக்கு வந்தன. முரசுமோட்டையில் அப்பா எங்கள் இருவருக்கும் விட்டுப்போன காணி, வேலியால் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. வடக்குப் பாதியில் நான் தனியே இருக்கிறேன். தெற்குப் பாதி தங்கையுடையது. இருபத்திரண்டு வருடமாக அதில் புல் செருக்கித் துப்புரவாக வைத்திருப்பதும் நான்தான்.

தங்கை சொல்லச் சொல்ல அவளுடைய மகள் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியிருந்தாள். பிள்ளைக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. வீட்டை எங்கே கட்டுவது என்ற இடத்தில் ‘ஸ்மாக் டாப் (smack dab) இன் த மிடில்’ என்று இருந்தது. மிடில் எனக்குத் தெரியும். மற்றது தெரியவில்லை.

பக்கத்து வீட்டு ஆங்கில ரீச்சரைப் படலையடியில் மறித்துக் காட்டினேன்.

“ஸ்மாக் எண்டா கன்னத்திலை அறையிற மாதிரி அக்கா. டாப் எண்டா மெல்லத் தொடுறது. ரெண்டும் சேர்ந்தா நட்ட நடுவிலை எண்டு அர்த்தம். இஞ்சாலும் இல்லை, அங்காலும் இல்லை.”

“கந்தோருக்குக் கடிதம் எழுதேக்கையும் இப்பிடிப் போடலாமோ?”

“இல்லை, இது வாய்க்கதை. ஆசையாச் சொல்லேக்கைதான் வரும்.”

அடுத்த நாள் காலையில் தங்கையின் பாதியை அளந்தேன். மூலைக்கு மூலை கயிறு இழுத்து, இரண்டு கயிறும் வெட்டுகிற இடத்தில் ஒரு தடி நட்டுப் படம் அனுப்பினேன். பின்னேரம் தங்கையே அழைப்பு எடுத்தாள்.

“அக்கா, அது என்ரை பாதிக்கு நடு. நான் சொன்னது முழுக்காணிக்கும் நடு.”

“அதிலை வேலியெல்லோ நிக்குது?”

“ஓம். அதைப் பிடுங்குங்கோ. ரெண்டு பேருக்கும் ஒரு வீடே காணும், ரெண்டு வேண்டாம்.”

அந்த வேலியைப் போட்டவள் நான். அவளுக்குக் கலியாணம் பேசிய நேரம், பங்கு தெளிவாக இருக்கட்டும் என்று ஆள் பிடித்துப் போட்டேன். அன்று அவள் சாப்பிடவில்லை.

வேலிக்கு நட்ட கிளுவைக் கதியால்கள் வேர்விட்டு மரமாகியிருந்தன. வெட்டிக் கிளப்ப ஒரு கிழமை பிடித்தது. கடைசிக் கதியாலை நானே இழுத்தேன். நிமிர்ந்து பார்த்தபோது காணி நான் சின்னப்பிள்ளையில் ஓடித்திரிந்த அளவுக்கு விரிந்து கிடந்தது. அங்கே நின்றபடியே அவளுக்கு எடுத்தேன். வேலி போய்விட்டது என்றேன்.

வைகாசியில் அத்திவாரம் வெட்டுவதாக இருந்தது. அதற்குள் அவளுடைய கணவருக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது.

“இந்த வருசம் சரிவராது அக்கா,” என்றாள். “அடுத்த வருசமும் சொல்லேலாது.”

“நீ அவரைப் பார். காணி எங்கையும் போகாது.”

அப்படிச் சொல்லிவிட்டேனே தவிர, அன்று அவளுக்குப் பிடித்த மரவள்ளிக் கறி வைத்துவிட்டு, உண்ண மனமில்லாமல் மூடிவைத்தேன்.

இப்போது மறிக்க வேலி இல்லாமல், கச்சான் காற்று தெற்குக் காணியால் நேரே குசினிக்குள் வந்து அடுப்புச் சாம்பலைக் கிளப்புகிறது. நேற்று அதைச் சொன்னபோது தங்கை சிரித்தாள். பிறகு கைபேசியை வாசலில் வைக்கச் சொன்னாள். வைத்தேன். காற்று ஓயும் வரைக்கும் அதன் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.