பால்ராஜ் அடைக்காத பக்கம்

பட்டாபிராமில் பால்ராஜை விடப் பெரிய பயந்தாங்கொள்ளியைக் கண்டுபிடிப்பது கஷ்டம். எந்தக் கதவைப் பூட்டினாலும் மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். கேஸை மூடினோமா என்ற சந்தேகத்தில் பாதி வழியில் வண்டியைத் திருப்புவார். ரயில் முழுசாக நிற்பதற்கு முன் ஒரு நாளும் இறங்கியதில்லை. "கரப்பான் பூச்சிக்கே வழி உட்டு நிப்பாரு" என்று மனைவி தெரசா அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

அப்பேர்ப்பட்டவருக்கும் ஒரு விஷயத்தில் பயம் கிடையாது. குளிர் அறை கட்டுவது. ஐஸ்கிரீமுக்கும் மீனுக்கும் பாலுக்குமாக இருபத்திரண்டு வருஷம் கட்டியிருக்கிறார். உள்ளே ஒரு தகடு, வெளியே ஒரு தகடு, நடுவில் சூட்டைத் தடுக்கும் சரக்கு. வெளித்தகட்டின் இணைப்புகளில் மயிரிழை இடைவெளி இல்லாமல் சிலிகான் பசை இழுத்துவிடுவார். வெளியிலிருக்கும் ஈரக்காற்று சுவருக்குள் புகுந்து தண்ணீரானால் அறை வீண். அந்த வேலையை அவர் கை தூக்கத்தில்கூடச் செய்யும்.

அதனால்தான் சென்னீர்குப்பத்தில் மரவாடி வைத்திருக்கும் முகமது இஸ்மாயில், "மரம் காய வைக்க ஒரு ரூம் வேணும் பால்ராஜ், உள்ள எழுபது டிகிரி சூடு நிக்கணும்" என்றபோது அவர் யோசிக்கவே இல்லை. குளிரை அடைத்து வைத்தவனுக்குச் சூட்டை அடைத்து வைக்கத் தெரியாதா? வழக்கமாகப் போடும் தெர்மோகோல் சூட்டில் சுருங்கிவிடும் என்று, சூடு தாங்கும் ராக்வூல் பஞ்சு போட்டார். அது மட்டும் சரிதான். கூரைக்கு ஆறு அங்குலக் கனம். அறைக்குச் சூடு ஏற்றிய முதல் நாள், வெளிச்சுவரில் கை வைத்தால் சூடே தெரியவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் பிரியாணி வாங்கிப் போனார்.

மூன்று வாரம் கழித்து, ஒரு மழைநாள் காலையில், வேறு வேலையாகப் பூந்தமல்லிக்குப் போய்க்கொண்டிருந்தார். பருத்திப்பட்டு ஏரியைத் தாண்டியதும் மழை விட்டது. வண்டியை ஓரங்கட்டி ரெயின்கோட்டைக் கழற்றினால், சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கோட்டு எங்கே கிழிந்தது என்று புரட்டிப் புரட்டிப் பார்த்தார். கிழியவே இல்லை. மழை ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. அத்தனையும் அவருடைய வியர்வை, போக வழியில்லாமல் உள்ளேயே நின்றுவிட்டது.

பால்ராஜுக்கு இஸ்மாயிலின் அறை ஞாபகம் வந்தது. மரம் காய்கிற அறையில் ஈரம் இருப்பது உள்ளேதான். பச்சை வேப்பம்பலகை விடுகிற ஆவி, உள்தகட்டின் இணைப்பு வழியாகப் பஞ்சுக்குள் போகும். அடைக்க வேண்டியது உள்பக்கம். அவர் அடைத்ததோ வெளிப்பக்கம்; புகுந்த ஆவி வெளியேற வழியில்லாமல் அங்கேயே தண்ணீராகும். மூன்று வாரமாகக் கூரையிலுள்ள பஞ்சு தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கிறது. அதைத் தாங்குவது மெல்லிய அலுமினியத் தகடும் ஆணிகளும்தான்.

அந்தக் கூரைக்குக் கீழே தினமும் காலை பத்து மணிக்கு, சூட்டை அணைத்துக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, மரவாடியில் வேலை பார்க்கும் ஹேமாவதி போவாள். எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று அறிய மாதிரிப் பலகையை எடுத்து எடை பார்ப்பது அவள் வேலை. மணி ஒன்பது நாற்பது.

மரவாடிக்குப் போன் அடித்தார். அறுவை மெஷின் சத்தத்தில் யாரும் எடுக்கவில்லை. வண்டியை விரட்டினார். காடுவெட்டியில் லாரிகள் அசையாமல் நின்றன. இன்று ஒன்றும் ஆகாது, ராத்திரி போய்ச் சத்தமில்லாமல் சரி செய்துவிடலாம், பேரும் கெடாது என்று மனசுக்குள் ஏதோ முணுமுணுத்தது. தனக்கா இப்படித் தோன்றுகிறது என்று தன்னையே திட்டிக்கொண்டார். நடைபாதையில் வண்டியை ஏற்றினார்.

மரவாடியில் அறைக்கதவு திறந்திருந்தது. உள்ளே, கடைசி அடுக்கருகே ஹேமாவதி குனிந்திருந்தாள். அவள் தலைக்கு மேல் கூரைத்தகடு, மழைத்தண்ணீர் தேங்கிய ஷாமியானா போலத் தொங்கியது. கத்தினால் அங்கேயே நின்று நிமிர்ந்து பார்ப்பாள். பால்ராஜ் கத்தவில்லை. உள்ளே ஓடினார். அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"இன்னாண்ணே, இன்னா ஆச்சு?" என்று அவள் கேட்டு முடிக்கவில்லை. உள்ளே ஆணிகள் படபடவென்று தெறித்தன. கூரையில் பாதி கீழே விழுந்தது. சூடான தண்ணீர் வாசற்படி தாண்டி இருவர் காலிலும் ஓடியது.

இஸ்மாயில் ஓடி வந்தார். பால்ராஜ் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "என் தப்பு பாய். அடைக்க வேண்டிய பக்கத்த உட்டுட்டு வேற பக்கத்த அடைச்சிட்டேன்."

இஸ்மாயில் ஹேமாவதியிடம் திரும்பினார். "மேல தொங்கிக்கினு கீதே, நீ பாக்கலியாம்மா?"

"பாத்தேன் பாய். ரெண்டு நாளா சொட்டிக்கினுதான் இருந்துச்சு." அவள் பால்ராஜைக் காட்டினாள். "இந்த அண்ணன் மூணு வாட்டி இழுத்துப் பாக்காம எதையும் உட மாட்டாரு. இவரு கட்டுனதாச்சேன்னுதான் பயப்படாம உள்ள போனேன்."

பிடித்த மணிக்கட்டைப் பால்ராஜ் இன்னும் விடவில்லை.