மஞ்சள் அட்டை போட்டால் திரும்பி வரும்

வேற்று மொழி சொல்லிக்கொடுக்கப் போகிறேன், ஏதாவது யோசனை சொல்லுங்கள் என்று புதிதாகக் கிளம்புகிறவர்கள் எனக்குப் போன் போடுகிறார்கள். உங்கள் வகுப்பில் உட்காரப் போகிறவர்கள் கடைசியாக எப்போது சாப்பிட்டார்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன். சிரிப்பார்கள். சிரிக்கட்டும், எனக்கென்ன.

ஒரகடத்தில், கார் ஜன்னலை ஏற்றி இறக்கும் மோட்டார் செய்கிற ஒரு ஜப்பான் கம்பெனியில் எனக்கு முதல் வேலை. ஏ ஷிஃப்ட் இரண்டரைக்கு முடியும், மூன்று மணிக்கு என் ஜப்பானிய வகுப்பு. நான் தண்டலத்திலிருந்து ஸ்கூட்டியில் ஜம்மென்று வந்து இறங்கினேன், கையில் ஒரு வாரம் உட்கார்ந்து செய்த அறுபது ஸ்லைடு. எதிரே இருந்த பதினான்கு பேரும் விடியுமுன் எழுந்து, கம்பெனி பஸ் பிடித்து வந்து, எட்டு மணி நேரம் நின்றே வேலை செய்தவர்கள். மூன்றாவது ஸ்லைடில் முதல் குறட்டை கேட்டது. மறுநாள் கேன்டீன்காரரைப் பிடித்து, வகுப்புக்கு முன்னால் பஜ்ஜியும் டீயும் வருகிற மாதிரி ஏற்பாடு செய்தேன். என் ஆசிரியர் வாழ்க்கையில் நான் செய்த முதல் உருப்படியான காரியம் அது.

பஜ்ஜி வந்த பிறகு யாரும் தூங்கவில்லை. ஆனால் யாரும் வாயைத் திறக்கவும் இல்லை.

அதிலும் பிள்ளைப்பாக்கத்து அக்கா. என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர், எட்டு வருஷமாக மோட்டார் பூட்டும் லைனில் வேலை. மெஷின் சத்தம் கொஞ்சம் மாறினாலே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். மெஷின் பராமரிப்பு படிக்க ஒரே ஒரு ஆளை ஒரு வருஷத்துக்கு ஜப்பானுக்கு அனுப்புவதாகக் கம்பெனி சொல்லியிருந்தது. வகுப்பு தொடங்கி நான்காம் மாதக் கடைசியில் அங்கிருந்து ஒரு பெரிய இன்ஜினியர் வந்து ஜப்பானிய மொழியிலேயே இன்டர்வியூ எடுப்பார். அக்கா முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டார். வீட்டில் ஏகப்பட்ட பேச்சுக்குப் பிறகு இறங்கி வந்திருக்கிறார்களாம், ஆனால் இந்த ஒரு வாட்டிதான். ஆகவில்லையென்றால் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. அதைச் சொல்லும்போது அவர் முகம் போன போக்கு எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. எப்படியும் இவரை அனுப்பிவைத்தே தீருவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

அவர் நோட்டு அச்சடித்த மாதிரி இருக்கும். எழுந்து பேசச் சொன்னால் மட்டும் தரையைப் பார்ப்பார்.

நான் சும்மா இருப்பேனா? பரீட்சைகளில் நல்ல மார்க் வாங்கிய திமிர் வேறு. யாராவது தப்பாகப் பேசினால் சாதத்தில் கல் கடித்த மாதிரி இருக்கும் எனக்கு. பாதி வாக்கியத்திலேயே நிறுத்தித் திருத்துவேன். நோட்டுகளைச் சிவப்புப் பேனாவால் நிரப்பித் தருவேன். ரொம்ப உழைக்கிறேன் என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். வகுப்போ வாரத்துக்கு வாரம் அடங்கிக்கொண்டே போனது. பேச ஆரம்பித்தவர் நடுவில் என் முகத்தைப் பார்ப்பார், மிச்சத்தை விழுங்கிவிடுவார்.

ஆறாவது வாரம் எனக்குப் பொறுமை போய்விட்டது. வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருக்கிறீர்கள் என்று பதினான்கு பேரையும் பார்த்துக் கத்திவிட்டேன். என்னைவிடப் பெரியவர்கள் பாதிப் பேர். கத்திய மறு நிமிஷமே வெட்கமாகிவிட்டது.

வகுப்பு முடிந்ததும் அக்கா என்னைக் கூப்பிட்டுக்கொண்டு போய் லைன் ஓரத்தில் நிறுத்தினார். அங்கே ஒரு சிவப்புப் பெட்டி இருந்தது. அதற்குப் பூட்டு. பக்கத்திலேயே ஒரு மஞ்சள் பெட்டி, அது திறந்தே கிடந்தது.

"ரெட்டு போட்டா ரிஜெக்ட்டு மேடம். அந்தப் பொட்டிக்குள்ள போனா அவ்ளோதான், திரும்பி வராது. யாரால போச்சுன்னு போர்டுல பேரு எழுதிடுவாங்க. எட்டு வருஷத்துல எம் பேரு ஒரு வாட்டி கூட வந்தது இல்ல. நீங்க எங்க நோட்டு பூரா ரெட்டு போட்டுத் தர்றீங்க. இன்னா பேசச் சொல்றீங்க?"

மஞ்சள் பெட்டி எதற்கு என்று கேட்டேன்.

"அது ரீவொர்க்கு. சின்ன தப்புதான், சரி பண்ணா ஆயிடும். மஞ்சள் அட்டை மாட்டி வச்சிட்டு, சரி பண்ணி லைன்லயே வுட்டுடலாம். அதுக்கெல்லாம் யாரும் பேரு எழுத மாட்டாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவர்கள் பயந்தது ஜப்பானிய மொழிக்கு அல்ல, என் பேனாவுக்கு. ஆறு வாரமாக நான் பதினான்கு பேரையும் அந்தப் பூட்டுப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கத்தோடு சேர்ந்து ஒரு சந்தோஷமும் வந்தது, அதை மறைப்பானேன். விஷயம் இன்னதென்று தெரிந்துவிட்டதே.

நேரே ஸ்டோர்ஸுக்குப் போய் ஒரு கட்டு மஞ்சள் அட்டை கேட்டேன். எந்த பார்ட்டுக்கு மேடம் என்று கேட்டார் ஸ்டோர்ஸ்காரர், நோட்டில் எழுதியாக வேண்டுமாம். வாய்க்கு என்றேன். மனிதர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

மறுநாளே வகுப்பில் சட்டம் மாறியது. பேசுகிறவரை முழுசாகப் பேச விட வேண்டும். தப்பு வந்தால் பேசி முடித்த பிறகு அவர் மேஜையில் ஒரு மஞ்சள் அட்டை வைக்கலாம். அவர் "மோ இச்சிதோ", அதாவது இன்னொரு வாட்டி, என்று சொல்லிவிட்டுத் திரும்பப் பேசலாம். சரியாகிவிட்டால் அட்டை கட்டுக்குப் போய்விடும். யாரும் கணக்கு வைக்கக் கூடாது. எனக்கும் அட்டை வைக்கலாம் என்றேன். அவ்வளவுதான், வேட்டை ஆரம்பமாகிவிட்டது. ஒரு நாள் போர்டில் எழுதப்போன எழுத்து எனக்கே மறந்துபோய் முழித்தேன். பதினான்கு பேரும் போட்டிபோட்டுக்கொண்டு அட்டையோடு ஓடி வந்தார்கள்.

ஒருவர் வீடு செம்பரம்பாக்கம் ஏரிக்குக் கீழே. வெள்ளத்தில் மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்த கதையை ஜப்பானிய மொழியில் சொல்கிறேன் என்று எழுந்தார். கைவசம் இருந்ததோ தண்ணீர், பெரிய, மேலே, ஆடு என்று நாலைந்து சொற்கள்தான். பதினோரு அட்டை வாங்கினார், ஆட்டைக் காப்பாற்றி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். நாங்கள் கைதட்டிய சத்தத்தில், ஏதோ சண்டை என்று சூப்பர்வைசர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அன்றைக்குத்தான் அக்கா முதல் முறையாகத் தானாக எழுந்து பேசினார். மூன்று அட்டை, நான்கு நிமிஷம்.

இன்டர்வியூ அன்று என்னையும் மூலையில் உட்கார வைத்தார்கள், வாயே திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. என்னிடம் போய்! கைக்குட்டையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்ஜினியர் நரைத்த தலை, சிரிக்காத முகம். எத்தனை காலமாக வேலை என்று கேட்டார். அக்கா எட்டு மாதம் என்று சொல்லிவிட்டார்.

அக்காவின் பார்வை தரைக்குப் போனது. எட்டு வருஷம் அக்கா, எட்டு வருஷம் என்று மனசுக்குள் கத்தினேன். இன்ஜினியர் தன் தாளில் எழுதப் பேனாவை எடுத்தார்.

அக்கா சட்டைப் பையில் கைவிட்டு ஒரு மஞ்சள் அட்டையை எடுத்தார். அதைத் தன் முன்னால் மேஜையில் வைத்தார். "ரீவொர்க். மோ இச்சிதோ" என்றார். நிமிர்ந்து உட்கார்ந்து, எட்டு வருஷம் என்று திருத்திச் சொல்லி, அந்த எட்டு வருஷத்தில் எந்த மெஷினில் என்னென்ன சரிசெய்தார் என்று மேலே மேலே போனார்.

தொழிற்சாலையிலேயே தலை நரைத்த மனிதருக்கு மஞ்சள் அட்டையை யார் விளக்க வேண்டும்? பேனாவைக் கீழே வைத்துவிட்டார். முதலில் கண் சிரித்தது, பிறகு முகம் முழுக்கச் சிரித்தது. எல்லாம் முடிந்ததும் அவர் தமிழில் நன்றி சொல்லப் பார்த்தார். அது பாதி வழியில் வேறெதுவோ ஆகிவிட்டது. அக்கா கொஞ்சமும் யோசிக்காமல் அட்டையை அவர் பக்கம் தள்ளினார்.

அவர் இரண்டாவது முறை சொன்னார். அதுவும் ரொம்பச் சுமார். அட்டையை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு, இதை நானே வைத்துக்கொள்கிறேன், நீங்கள் ஜப்பானுக்கு வந்ததும் என் தமிழைச் சரிபாருங்கள் என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது, அக்காவைத்தான் எடுத்திருக்கிறார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அக்கா அசையாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் இப்போது அட்டைகூட இல்லை.

"மோ இச்சிதோ," என்றார், கொஞ்சம் சத்தமாகவே.

நீங்கள் ஜப்பானுக்கு வந்ததும் என்று அவர் இன்னொரு முறை சொன்னார், நிறுத்தி நிதானமாக.