பிரட்டுக் களத்தில் ஒரு பந்தாட்டம்

கேப்ரியலுக்குப் பந்து என்றால் பைத்தியம். சாதாரணப் பைத்தியமா? "இவனைப் பெத்ததுக்கு ஒரு பந்தைப் பெத்திருக்கலாம்" என்று சொந்த ஊரான ரஹாங்கில் அவன் அம்மாவே திட்டித் தீர்த்திருக்கிறாள். ரெம்பாவ் பக்கத்து ரப்பர் தோட்டப் பள்ளியில் வாத்தியார் நோயில் படுத்ததும், தற்காலிக ஆசிரியராக இவனைத்தான் அனுப்பி வைத்தார்கள். நல்ல ஆளைப் பிடித்தார்கள், போங்கள்!

வந்த வாரமே எல்லாப் பாடமும் பந்தாகிவிட்டது. எந்த மாநிலக் குழு எந்த ஊரில் ஆடுகிறது என்பது பூகோளம். நேற்றைய ஆட்டத்தை எழுதினால் கட்டுரை. கணக்குப் பாடத்துக்குக் கயிறும் கையுமாகப் பிள்ளைகள் கிளம்பிவிடுவார்கள். திடலை அளந்தார்கள், விடியற்காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் பிரட்டுக் களத்தையும் விடவில்லை. மட்டம் போட்டுத் திரிந்த பயல்களெல்லாம் மணியடிக்கும் முன்பே வந்து நின்றார்கள்.

தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய கிராணி சன்னாசிக்கு இதெல்லாம் கண்ணில் விழுந்த தூசி.

"பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைங்களோட மேட்ச் வெச்சிருக்கீங்களாமே? ஒழுங்கா நடக்கணும், வாத்தியாரே. நடக்கலேன்னா மறுநாளே ரஹாங்குக்கு பஸ் ஏறிடுங்க!"

இந்தப் பிள்ளைகளை விட்டுப் போகக் கேப்ரியலுக்கு மனசே இல்லை.

காட்டில் கம்யூனிஸ்டுகள் துப்பாக்கியோடு திரிந்த அவசரகாலம் வேறு. ஆட்கள் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்கம்பி. ஒரு பிடி அரிசி கேட்டைத் தாண்டினாலும் காட்டிலிருப்பவர்களுக்குச் சோறு போடுகிறாய் என்று பிடித்து உள்ளே தள்ளிவிடுவார்கள். திடலோ கேட்டுக்கு வெளியே இருந்தது.

ஆட்டத்துக்கு முதல்நாள், "கோடு போட வெள்ளையா ஏதாச்சும் கொண்டாங்கம்மா" என்று பெண் பிள்ளைகளிடம் சொன்னான் கேப்ரியல். சுண்ணாம்பு என்று வாயைத் திறந்து சொல்லித் தொலைத்திருக்கலாம். சொல்லவில்லை. வெள்ளைக் கோடு என்றதும் அந்தப் பிள்ளைகளுக்கு கோலத்தைத் தவிர வேறென்ன நினைவு வரும்? அம்மாமார்களும் வாத்தியார் கேட்டாராமே என்று ரேஷன் அரிசியில் மிச்சம் பிடித்து மாவு இடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

மறுநாள் கேட்டில் காவலுக்கு நின்ற நல்லசாமி, ராக்கம்மா என்ற சிறுமியின் பைக்குள் கையை விட்டான். கை வெள்ளையாக வெளியே வந்தது.

"அடி ஆத்தி! அரிசி மாவு! என்ன வாத்தியாரே, எல்லாரையும் ஜெயிலுக்கு அனுப்பப் பாக்குறீங்களா?"

"நான்தான் கொண்டாரச் சொன்னேன். என்னைப் பிடிங்க, புள்ளைய விடுங்க" என்றான் கேப்ரியல்.

தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் ஜீப் வந்து நின்றது. பின்னாலேயே கிராணி, முகமெல்லாம் சிரிப்பு. துரை மாவைத் தொட்டுப் பார்த்தார். "மாவு வெளியே போகாது" என்றார் தோட்டத்துத் தமிழில். வெளியே லாரியில் வந்திறங்கிய பக்கத்துத் தோட்டத்துக் குழு காத்து நின்றது. கோடில்லாமல் விசில் ஊதமாட்டேன் என்றார் அவர்களோடு வந்த ரெஃப்ரி. போச்சு, எல்லாம் போச்சு! கேப்ரியலின் கண்ணுக்குள் பஸ்தான் தெரிந்தது.

"மாவு வெளிய போகக்கூடாதுன்னா, அவங்க உள்ள வரட்டும் தொரை" என்றாள் ராக்கம்மா. "பிரட்டுக் களம் பத்தும். நாங்க அளந்து கணக்குப் போட்டிருக்கோம்!"

துரை களத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தொப்பியே விழும்படி சிரித்து, கேட்டைத் திறக்கச் சொன்னார்.

அப்புறம் பார்க்க வேண்டுமே! பெண் பிள்ளைகள் குனிந்து கோடு இழுத்தார்கள். நடுவட்டத்துக்குள் பூக்கோலமே போட்டார்கள். ரெஃப்ரி தலையில் அடித்துக்கொண்டார். லயத்துச் சனமெல்லாம் கோட்டோரம் கூடிவிட்டது. முதல் கோல் விழுந்தபோது, "அப்பிடிப் போடுறா என் சிங்கம்!" என்று கத்தியது யார் என்று கேப்ரியல் திரும்பிப் பார்த்தான். கிராணி சன்னாசி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு! கடைசியில் நம்ம பிள்ளைகள் தோற்றுத்தான் போனார்கள். அதை யார் சட்டை செய்தார்கள்?

மறுநாள் பிரட்டுக்கு வந்தவர்கள் கோட்டை மிதிக்காமல் சுற்றிப் போனார்கள். கிராணியும் சுற்றிக்கொண்டு வந்து கேப்ரியலின் காதருகே குனிந்தார்.

"அந்த ஆஃப்சைடுன்னா என்னா, வாத்தியாரே? சாயங்காலம் வரேன், எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்கலா."