புள்ளடி போட்டவர்

2003இல், இலங்கையின் ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அந்த அதிகாரியைக் கண்டேன். பங்குச்சந்தை நிதித்திட்டமொன்று தொழிலாளருக்கு விளங்குமளவு எளிதானதா என்று சோதிக்க வந்தவர். கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். ஒவ்வொருவரும் படிவத்தில் கையெழுத்திட்டதும் பேனாவைக் கைக்குட்டையால் துடைப்பார்.

"விளங்குதா?" என்பார். தோட்டத் துரைமாரிடம் சொல்லிப் பழகிய தொழிலாளர்கள், "சரிங்க" என்பார்கள். உடனே 'விளங்கியது' என்ற கட்டத்தில் குறுக்குக் கோடிட்டுப் புள்ளடி போடுவார்.

வேலை செய்த காலமெல்லாம் சேர்ந்த சேமலாபப் பணத்தை வைத்திருந்த ஓய்வுபெற்ற பெண்ணொருவர் மட்டும் கேட்டார்: "சந்தை விழுந்தா எங்க காசும் விழுமாங்க?"

"அதெல்லாம் நாங்க பார்த்துக்கொள்ளுவம்."

"அப்ப வெளங்கலைன்னு எழுதுங்கய்யா. நா காசு போடல."

அவருக்கும் 'விளங்கியது' என்றே புள்ளடி விழுந்தது. ஏன் என்று கேட்டேன்.

"விளங்காமலா இப்படிக் கேட்கிறா?" என்று சிரித்தார்.

அதில் பொய்யில்லை. அன்று விளங்கிக்கொண்டவர் அந்தப் பெண் ஒருவர்தான். அது தெரிந்தே அந்த அதிகாரி மற்றவர்களுக்கும் புள்ளடி போட்டிருக்கிறார்.