எல்லோருக்கும் தமிழ் தெரிந்த ஊர்

என் அம்மாவுக்கு வாய் முளைத்தது ஜப்பானில்தான். அதற்கு முன், நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் அத்தை வீட்டில் இருந்தவரை, "சரிங்க", "இதோ வந்துட்டேங்க" என்ற இரண்டைத் தவிர அவள் வேறு எதுவும் பேசியதாக யாருக்கும் ஞாபகமில்லை. கோபம் வந்தாலும் சரிங்க, காய்ச்சல் வந்தாலும் சரிங்க. வாயில்லாப் பூச்சி என்று சொந்தக்காரர்கள் அதை ஏதோ பட்டம் கொடுப்பதுபோலச் சொல்வார்கள்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. அப்பா சிறுபிள்ளையாக இருந்தபோதே அவருடைய பெற்றோர் போய்விட்டதால், அத்தையும் மாமாவும்தான் அவரை வளர்த்து, இன்ஜினியரிங் படிக்கவைத்து, பெண் பார்த்துக் கட்டிவைத்தார்கள். அவர்களுக்கு வேறு பிள்ளை இல்லை. அதனால் அம்மாவுக்கு நாத்தனார், மாமியார் என்று தனித்தனியாக வாய்க்கவில்லை. இரண்டு பதவியையும் அத்தை ஒருத்தியே வகித்தாள். கெட்டவள் என்று சொல்ல முடியாது. வரப்பில் நின்று வயலைப் பார்க்கிற அதே கண்ணோடு வீட்டுக்குள்ளும் பார்ப்பாள், அவ்வளவுதான். எது சாய்ந்திருக்கிறது, எங்கே களை மண்டியிருக்கிறது என்று அவளுக்கு உடனே தெரிந்துவிடும்.

எனக்கு நாலு வயதானபோது அப்பாவுக்கு ஜப்பானில் கார் உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. சின்ன ஊர். தமிழர் என்று பார்த்தால் நாங்கள் மூன்று பேர்தான். ஆரம்பத்தில் எல்லாமே தகராறு. அந்த ஊர் அரிசியை வடித்தால் களிபோல ஒட்டிக்கொள்ளும். ரசம் ஊற்றினால் உருண்டையாக மிதக்கும். குப்பையை எப்படிப் பிரித்துப் போடுவது என்று தெரியாமல் அம்மா வைத்த பையை எடுக்காமல் விட்டுவிடுவார்கள். யாரோ ஒரு மஞ்சள் சீட்டை ஒட்டி எங்கள் வாசலிலேயே கொண்டுவந்து வைத்திருப்பார்கள். சீட்டில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாமல் அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுவாள். ஊருக்கே போய்விடலாம் என்று அப்பாவிடம் கேட்கக்கூட அவளுக்குத் தைரியம் இல்லை. ஜப்பானுக்கும் அவள் சரிங்க என்றுதானே புறப்பட்டு வந்திருந்தாள்.

ஒருநாள் ரயிலில் போய்க்கொண்டிருந்தோம். எதிரே ஓர் ஆள் கம்பியைப் பிடித்தபடி, தலை தொங்க, நின்றுகொண்டே தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தவள், திடீரென்று வாய்விட்டுச் சொன்னாள்.

"பாரேன், பறிச்சு வெயில்ல போட்ட நாத்துமுடி மாதிரி."

சொன்ன பிறகுதான் பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். ஒருவரும் திரும்பவில்லை. நாற்றுமுடியும் அசையவில்லை. அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அவள் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

அன்றிலிருந்து அது எங்கள் விளையாட்டானது. ரயிலிலோ கடையிலோ லிஃப்டிலோ, நான் ஓர் ஆளைக் காட்டி, "அம்மா, அவங்க எப்படி?" என்று கேட்பேன். யோசிக்கவே மாட்டாள். சட்டென்று ஒன்று வந்து விழும். வரிசையாகப் போகும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அறுப்பு முடிந்த வயலில் இறங்கிய வாத்துகள். கீழ்வீட்டு வழுக்கைத் தாத்தா உரித்த பனங்கிழங்கு. அதை அவருடைய முகத்துக்கு நேராகவே, அழகாகக் குனிந்து கும்பிட்டுக்கொண்டே சொல்வாள். அவர் ஏதோ நல்ல வார்த்தை என்று எண்ணி இன்னும் ஆழமாகக் குனிந்து, என் கையில் ஒரு மிட்டாய் கொடுப்பார். அம்மா சொன்னதைத் திருப்பி உரக்கச் சொல்லிக் கைதட்ட வேண்டியது என் பங்கு. அப்பா முதலில் அதட்டினார், யாருக்காவது புரிந்துவிட்டால் என்ன செய்வது என்றார். யாருக்குங்க புரியப்போகுது என்றாள் அம்மா. கொஞ்ச நாளில் அவரும், இன்று ஃபேக்டரியில் ஒருத்தர் வந்தார், நீ பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று கேட்டுக்கொண்டே செருப்பைக் கழற்ற ஆரம்பித்தார். குப்பைச் சீட்டுகள் அப்போதும் வந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் அம்மா அழுவதை நிறுத்திவிட்டாள்.

எனக்கு ஏழு வயதானபோது மாமாவுக்கு அறுபது நிறைந்தது. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். அதற்கு முந்தைய வருடம் மாமா நெஞ்சுவலி வந்து, தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்திருந்தார். ஆகவே அத்தைக்கு அது வெறும் விசேஷம் இல்லை, வேண்டுதல். போகாமல் இருக்க முடியாது. அதே சமயத்தில் அப்பாவின் கம்பெனியில், இன்னும் ஐந்து வருடம் இருக்க முடியுமா என்று கேட்டிருந்தார்கள். அத்தையைக் கேட்காமல் அப்பா பதில் சொல்ல மாட்டார். அத்தையோ, போனது போதும், வந்து நிலத்தைப் பாருங்கள் என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தாள். அம்மாவுக்குத் திரும்பிப்போக விருப்பமில்லை என்பது எனக்கே தெரியும். அதை அவள் ஒரு வார்த்தையாகச் சொன்னதில்லை. விமானத்தில் என்னிடம் சொன்னது வேறு.

"ஊர்ல போய் யாரையும் எப்படின்னு கேக்கக் கூடாது. என்ன?"

"ஏன்?"

"அங்க எல்லாருக்கும் தமிழ் தெரியும்."

எனக்கு நம்ப முடியவில்லை. பஸ்ஸில் போகிறவர்களுக்குமா, கடைக்காரருக்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். நாய்க்குக்கூடத் தெரியும், வாயை மூடிக்கிட்டு வா என்றாள்.

அத்தை வீட்டு வாசலில் கார் நின்றதும் அம்மாவுக்குக் குரல் போய்விட்டது. சரிங்க. இதோ வந்துட்டேங்க. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்படிக்குள் போனவள்தான். வெளிநாடு போயும் மாறவே இல்லை பார் என்று வந்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள். அத்தைக்கும் அதில் திருப்திதான். அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று முடிவுசெய்து, மருந்து வாங்கித் தரும்படி அப்பாவை நச்சரித்தேன். கம்பெனி விஷயத்தை அப்பா மெல்ல எடுத்தபோது, கோயில் காரியம் முடியட்டும், பேசிக்கலாம் என்று அத்தை தள்ளிப்போட்டாள். அவள் அம்மாவைப் பார்த்துக்கொண்டேதான் அதைச் சொன்னாள்.

திருக்கடையூர் எமனையே விரட்டியடித்த சாமி இருக்கும் ஊர். அன்று பிரகாரம் முழுக்க அறுபது வயது மாப்பிள்ளைகளாக இருந்தார்கள். ஹோமப் புகையில் எனக்குக் கண் எரிந்தது, பசித்தது, எல்லாவற்றையும்விட வாய் அரித்தது. எத்தனை பேர்! எத்தனை மீசை, எத்தனை தொப்பை! அம்மாவோ தலையைக் குனிந்தபடி கையில் ஒரு சின்னக் குடத்தோடு வரிசையில் நின்றாள். அத்தையையும் மாமாவையும் மணையில் உட்காரவைத்து, தலைக்கு மேல் சல்லடையைப் பிடித்து, சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கலசத் தண்ணீரை ஊற்ற வேண்டும். கழுத்து மாலையைக் கழற்றச் சொன்னாள் அத்தை. மாமா கேட்காமல் மாலையோடே உட்கார்ந்துவிட்டார். வெறும் வயிறு, விடிகாலை. முதல் குடம் கொட்டியதுமே அவர் உடம்பு வெடவெடத்து, தலையைச் சிலுப்பினார். மாலையிலிருந்து தண்ணீர் நாலாபக்கமும் தெறித்தது.

அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை.

"அம்மா, மாமா எப்படி?"

ரயிலில் கேட்கும் அதே குரலில்தான் கேட்டேன். அம்மாவும் ரயிலில் சொல்லும் அதே குரலில், நிமிர்ந்துகூடப் பார்க்காமல், சட்டென்று சொன்னாள்.

"தண்ணி தெளிச்ச கெடா."

மேளக்காரர்கள் அப்போது வாசிப்பை நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். கேட்காதவர்கள் யாராவது இருந்திருந்தால், அந்தக் குறையை நான் தீர்த்துவைத்தேன். "தண்ணி தெளிச்ச கெடா!" என்று கூவி, குதித்துக் கைதட்டினேன். எவ்வளவு நாளாயிற்று, அம்மாவுக்குத் தொண்டை சரியாகிவிட்டதே என்ற சந்தோஷம்.

சாமிக்கு நேர்ந்த கிடாவுக்கு மாலை போட்டு, மேலே தண்ணீர் தெளித்து, அது உடம்பைச் சிலிர்க்கும்வரை காத்திருப்பார்கள். சிலிர்த்தால் சம்மதம் என்று அர்த்தம், உடனே வெட்டிவிடுவார்கள். இது எனக்கு அப்போது தெரியாது. அங்கே நின்ற மற்ற அத்தனை பேருக்கும் தெரியும். ஆயுள் கெட்டிப்படட்டும் என்று உட்கார்ந்திருக்கிற மனிதரைப் பார்த்து, அந்தக் கோயிலுக்குள்ளேயே, அம்மா அப்படிச் சொல்லியிருந்தாள்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அத்தை முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு, சல்லடைக்குக் கீழிருந்து நிமிர்ந்தாள்.

"யாரு சொன்னது?"

பக்கத்தில் நின்ற ஒரு சித்தப்பா நல்ல மனிதர். "விடுங்கக்கா, கொழந்தை ஏதோ உளறுது. அதுக்கு என்ன தெரியும்" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அது அத்தோடு போயிருக்கும். வாயைத் திறக்காமல் இருப்பதில்தான் அவள் பேர் வாங்கியவளாயிற்றே.

"கொழந்தை இல்லீங்க அண்ணி. நான்தான் சொன்னேன்."

அந்தக் குடும்பத்தில் அம்மா பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான். மாமாதான் முதலில் சிரித்தார். "சரியாத்தானே சொல்லிருக்கு? குளிரு தாங்கல. அடுத்த கொடத்த ஊத்துங்கப்பா, சட்டுனு" என்றார். அத்தை சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. கொஞ்ச நேரம் அம்மாவையே பார்த்துவிட்டு, "நீ இன்னும் ஊத்தலல்ல? வா" என்று கூப்பிட்டாள். அம்மா போனாள். குடத்தைச் சாய்த்ததில் பாதித் தண்ணீர் தரையிலும் தன் புடவையிலும் கொட்டியது. காது மடல்வரை அவளுக்குச் சிவந்திருந்தது. அதைப் பார்த்து எனக்கும் முகம் சுட்டது. ஏன் என்றுதான் தெரியவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபின் அத்தை அப்பாவைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டாள். அம்மா அடுப்படியில் இருந்தாள். நான் நடுவில் கதவைப் பிடித்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தேன்.

"அந்தக் கம்பெனிக்காரங்களுக்குச் சரின்னு சொல்லிடு, தம்பி."

"அக்கா, அவ வேணும்னு சொல்லல."

"வேணும்னு சொல்லிருந்தா நாலு வார்த்தை திட்டிருப்பேன், போயிருக்கும். அது பழக்கத்துல வந்துச்சுடா. எத்தனை தடவை சொல்லிச் சிரிச்சிருந்தா அப்படி வரும்? இந்த வீட்டுல எங்கூட அஞ்சு வருஷம் இருந்தா. ஒரு நாளு அவ சிரிச்சு நான் பாத்ததில்ல. அடக்கமான பொண்ணுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். இங்க வந்தா மறுபடி ஊமையாத்தான் இருப்பா. அங்கேயே இருக்கட்டும்."

சொல்லிவிட்டு முகத்தை வயல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அப்பா காலடி மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் புரிந்தது, நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்பது மட்டும்தான். துள்ளிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன். அம்மா ஏற்கெனவே பளபளவென்று இருந்த ஒரு பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அம்மா, நாம அங்கேயே இருக்கலாமாம் என்றேன். அவள் திரும்பவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். தெரியும், போ என்றாள். அடைத்த குரல். மருந்து வாங்கித் தராத அப்பாமேல் எனக்குக் கோபம் வந்தது.

மாமா இன்றைக்கும் திடமாக இருக்கிறார். போன் செய்தால், "கெடா பேசுறேன்மா" என்றுதான் ஆரம்பிப்பார், விழுந்து விழுந்து சிரிப்பார். நானும் சிரிப்பேன். ஸ்பீக்கரில் அந்தக் குரல் கேட்டதும் அம்மா எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவாள்.

ஜப்பானுக்குத் திரும்பிய பிறகு, முதல் ஞாயிற்றுக்கிழமை மூவரும் ரயிலில் போனோம். எதிரே நீண்ட கழுத்துள்ள ஒருவர், தன்னைவிடப் பெரிய வாத்தியப் பெட்டி ஒன்றை மடியில் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். இதைவிட நல்ல ஆள் கிடைக்க மாட்டார். நான் அம்மாவின் கையைச் சுரண்டினேன்.

"அம்மா, அவரு எப்படி?"

அம்மா அவரைப் பார்க்கவில்லை. ரயில் பெட்டியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நிதானமாகப் பார்த்தாள். பிறகு விரலை எடுத்து உதட்டின்மேல் வைத்தாள்.

எனக்குத் திக்கென்றது. இங்கேயும் யாரோ தமிழ் தெரிந்த ஆள் ஏறியிருக்கிறார், அம்மா கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்தேன். நாங்கள் இறங்கும்வரை, ஒவ்வொரு முகமாகப் பார்த்து, அந்த ஆளைத் தேடிக்கொண்டே வந்தேன்.